வீட்டு முற்றத்தில் ஒரு வளைய விளையாட்டு

நயினாதீவுக்கு வேண்டிய எந்தப் பொருளும் கடலைக் கடந்தே வந்து சேரவேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழியே வரும் சரக்கு, அங்கே படகேறுகிறது. அரிசி மூடையும் சீமெந்தும் பாடப் புத்தகமும் அவ்வாறே வருகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களும் அவ்வாறே வருகின்றன. கடையில் வாங்கிய பிளாத்திக்குப் பொருள் மூன்றாம் நாள் உடைந்துவிட்டால், அதற்கு ஈடான இன்னொன்று மறுபடியும் கடல் கடந்து வரவேண்டும். ஆதலால் வளவில் உள்ளதைக் கொண்டு வேண்டியதை ஆக்கிக்கொள்ளும் பழக்கம் தீவு மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றி வந்துள்ளது. கூரைக்கு ஓலை, வேலிக்கு மட்டை, நெல் அள்ளக் கடகம், படுக்கப் பாய் என அவர்களுடைய வாழ்வின் பெரும்பகுதியைப் பனைமரமே தாங்கி நின்றது. அந்தப் பனையோலையைக் கொண்டே, ஒரு குடும்பத்தார் அனைவரும் மாலை வேளையில் முற்றத்திற் கூடி ஆடத்தக்க எறி விளையாட்டு ஒன்றையும் ஆக்கிக்கொள்ளலாம். செலவு மிகச் சொற்பம். வேண்டுவன கையும் பொறுமையும் ஒரு பிற்பகற் பொழுதுமே.

யாழ்ப்பாணத்தில் விளையாட்டுகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எறிதலையும் ஏந்துதலையும் அடிப்படையாகக் கொண்டவை மாத்திரமே பல உள. கொக்கான் வெட்டுதல் சிறுமியர் ஆட்டம். சிறு கற்களை நிலத்திற் பரப்பி, ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் நிலத்திற் கிடப்பவற்றை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் வாரியெடுத்து, வீழும் கல்லையும் அதே கையில் ஏந்துவர். போர்த்தேங்காய் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடவர் ஆடுவது. தடித்த ஓடுடைய தேங்காய்களைத் தேடிப் பிடித்து, ஒருவர் தம் காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தம் காயை அதன்மேல் எறிவார். எவருடைய காய் உடைகிறதோ அவர் தோற்றவர். கிட்டியும் போளையும் சிறுவர்க்கு உரியன. கிளித்தட்டு ஓட வல்ல இளைஞர்க்கு உரியது. தாயம் முதியோர் திண்ணையில் அமர்ந்து ஆடுவது.

இவ்விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தன்னளவிற் சிறந்ததே. ஆயினும் இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றும் ஒரு வயதினர்க்கோ ஒரு பாலார்க்கோ உரியதாய் அமைந்துள்ளது. ஆறு வயதுப் பேத்தியும் எழுபது வயது அம்மம்மாவும், அலுவலகத்தினின்றும் வீடு திரும்பிய தந்தையும், பரீட்சைக்குப் படிக்கும் தமையனும் ஒரே ஆட்டத்தில் ஒத்த நிலையிற் கலந்துகொள்ளும் வாய்ப்பு அவற்றில் அரிது. விரைவும் வலிமையும் வேண்டும் ஆட்டத்தில் முதியோர் பின்தங்குவர். நுட்பமான கைப்பழக்கம் வேண்டும் ஆட்டத்திற் சிறியோர் பின்தங்குவர். எறிந்து குறியிற் சேர்க்கும் ஆட்டத்திலோ, எறியும் தூரத்தை மாற்றுவதனால் இவ்வேற்றுமையை நேர்செய்துவிடலாம். முற்றத்து வளைய விளையாட்டின் சிறப்பு இதிலேயே அடங்கியிருக்கின்றது.

எறிந்து ஏந்தும் ஆட்டங்கள் தமிழரிடையே மிகப் பழையன. கழங்காடும் மகளிரைச் சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் இடம்பெற்றுள்ளன. மாணிக்கவாசகர் தம் திருவாசகத்தில் மகளிர் விளையாட்டாகிய அம்மானையைப் பத்திப் பாடலுக்கு ஏற்ற வடிவமாக்கினார். இலங்கையின் சிங்கள மக்களிடையேயும், புத்தாண்டுக் காலத்தில் நிலத்திற் சிறு குழி அகழ்ந்து மரமுந்திரிகைக் கொட்டைகளை அதனை நோக்கி எறியும் ஆட்டம் வழங்கி வருகிறது. வளையத்தை எறிந்து முளையிற் கோக்கும் ஆட்டமோ உலகின் பல பாகங்களிலும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் கனத்த இரும்பு வளையங்களை நிலத்தில் நாட்டிய முளையை நோக்கி எறிவர். அதே ஆட்டம் கப்பற் பயணிகளிடம் சென்றபோது, மேற்றளத்தின் பலகையைச் சிதைக்கும் இரும்பு வளையத்துக்குப் பதிலாகக் கயிற்று வளையம் வழக்கிற்கு வந்தது. கையில் உள்ள பொருளுக்கும் ஆடும் இடத்துக்கும் ஏற்ப விளையாட்டு வடிவம் மாறும் என்பதற்கு இது தக்கதோர் உதாரணம். கப்பலிற் கயிறு எளிதிற் கிடைத்தது; தீவில் ஓலை எளிதிற் கிடைக்கின்றது.

மேலும், ஓலை வளையம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதியதன்று. அடி உருண்ட மண்பானையும் சட்டியும் சாயாமல் இருத்தற்பொருட்டு, அவற்றின் கீழே வைக்கும் திருகணையைப் பழைய அடுக்களை அறிந்தோர் அனைவரும் அறிவர். இக்காலத்தில் அடி தட்டையான பாத்திரங்கள் பெருகியமையால் திருகணையின் தேவை குறைந்துவிட்டது. எனினும் அதனைப் பின்னிய கைகள் இன்னும் பல வீடுகளில் உள்ளன. திருகணை பின்னத் தெரிந்த ஓர் ஆச்சி இருக்கும் வீட்டில், இவ்விளையாட்டின் பாதி வேலை முடிந்துவிட்டதென்றே கொள்ளலாம்.

இனி வளையம் செய்யும் முறையைக் காண்போம்.

ஒரு குடும்பத்துக்கு எட்டு வளையங்கள் போதும்; அணிக்கு நான்காக இரண்டு அணிகளுக்கு அவை சரியாக அமையும். வளையத்தின் உள்விட்டம் 6 அங்குலம் இருத்தல் வேண்டும். இதற்கு அரை அங்குலத் தடிப்புள்ள தும்புக்கயிற்றை 2 அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளவேண்டும். அதில் 22 அங்குலம் வட்டத்தின் சுற்றளவாகவும், எஞ்சிய 2 அங்குலம் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதியாகவும் அமையும். இரு முனைகளின் புரிகளையும் சற்றுப் பிரித்துச் சரிவாகக் கத்தரித்து, ஒன்றோடொன்று பொருத்தி, உறுதியான நூலால் இறுகக் கட்டிவிட்டால் மூட்டு புடைத்து நில்லாது. புடைப்புள்ள வளையம் எறியும்போது ஒருபுறம் கனத்துத் தள்ளாடும்.

கயிறு மாத்திரம் வட்டத்தைத் தாங்காது. எடுத்தெடுத்து எறிய நீள்வட்டமாகத் தொய்ந்துவிடும். ஆதலால் ஓலையினின்றும் வார்ந்தெடுத்த ஐந்தாறு ஈர்க்குகளை நீரில் ஊறவைத்து, அவை வளையும் பதம் அடைந்ததும் கயிற்றைச் சுற்றிலும் வைத்து ஆங்காங்கே நூலாற் கட்டவேண்டும். ஈர்க்குகளின் முனைகள் யாவும் ஓரிடத்தில் முடியாதவாறு பார்த்துக்கொள்ளுதல் நன்று. உலர்ந்தபின் ஈர்க்கு தன் வளைவை விடாது. வளையமும் வட்டமாகவே நிற்கும்.

அடுத்தது ஓலை சுற்றுதல். முற்றிய ஓலை வெடிக்கும். இளங்குருத்து மென்மையானது, விரைவிற் கிழியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சார்வோலையே பெட்டி இழைப்பதற்குப் போல இதற்கும் உகந்தது. ஈர்க்கு நீக்கிய ஓலையை அரை அங்குல அகலமுள்ள வார்களாகக் கிழித்து, அரை மணி நேரம் நீரில் ஊறவிட்டு, ஈரத் துணியிற் சுற்றி வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஒரு வாரின் நுனியைக் கயிற்றோடு ஒட்டவைத்து, அதன்மேலேயே சாய்வாகச் சுற்றத் தொடங்கவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடிச் செல்லவேண்டும். ஒரு வார் முடியும் தறுவாயில், அடுத்த வாரின் நுனியை அதன் அடியிற் செருகிச் சுற்றைத் தொடரவேண்டும். ஒரு வளையத்தை முழுவதும் மூடுவதற்கு ஏறக்குறைய 14 அடி நீள ஓலை செல்லும். வாரின் நீளத்தைப் பொறுத்து ஏழெட்டு வார்கள் வேண்டியிருக்கும். இறுதி நுனியை ஒரு தடித்த ஊசியாற் பிந்திய நான்கு சுற்றுகளின் அடியிற் செலுத்தி இழுத்துவிட்டால் முடிச்சுக்குத் தேவை இராது.

ஈர ஓலை உலரும்போது சிறிது சுருங்கும். ஆதலால் சுற்றும்பொழுது இறுக்கமாகச் சுற்றவேண்டும். தளர்வாகச் சுற்றியது உலர்ந்தபின் மேலும் தளரும். சுற்றி முடித்த வளையங்களை நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டு உலர்த்தியபின்னரே ஆட்டத்துக்கு எடுத்தல் வேண்டும். கடும் வெயிலில் உடனே காயவைத்தால் ஓலை வெடிப்பதும் உண்டு. நான்கு வளையங்களைச் சாயமிட்ட ஓலையாற் சுற்றினால் அணி வேற்றுமை இலகுவிற் புலனாகும். சாயம் இல்லாதவிடத்துப் பழைய சேலைக் கரையை இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, வளையத்தின் ஓரிடத்திற் சுற்றித் தைத்துவிட்டாலும் போதுமானது.

இவ்வேலையிற் பிள்ளைகளின் பங்கு எது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளவேண்டும். பனைமட்டையின் இருபுறமும் அரம்போன்ற கருக்கு உண்டு. அது கையை அறுத்துவிடும். ஓலையை வெட்டுவதும் மட்டையைக் கையாள்வதும் பெரியோர் வேலை. ஈர்க்கு நீக்குதல், வார்களை நனைத்தல், சுற்றும்போது எதிர்ப்புறம் பிடித்துக்கொடுத்தல் ஆகியவற்றைச் சிறியோர் செய்யலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை முதல் வளையத்தைப் பார்த்து, இரண்டாவதில் உதவி, மூன்றாவதைத் தானே சுற்றும். அவ்வாறு சுற்றிய வளையம் கோணலாக இருந்தாலும் அதனை ஆட்டத்திற் சேர்த்தல் வேண்டும். தன் கையாற் செய்த வளையத்தைத் தேடி எடுத்து எறியும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை கண்டோர் அதனை விலக்க ஒருப்படார்.

இனி முளைகள். பூவரசு, கிளுவை முதலிய வேலி மரங்களின் நேரான தடிகளே இதற்குப் போதும். ஒன்றரை அங்குலத் தடிப்பும் ஒரு முழ நீளமும் உடைய ஐந்து துண்டுகளை எடுத்து, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையை நன்கு உருட்டித் தேய்த்துவிட வேண்டும். ஓடிவரும் பிள்ளை இடறி வீழ நேர்ந்தால், கூரிய முனை பேராபத்தை விளைவிக்கும். ஆகையால் மேல்முனையை மழுக்குவதை ஒருபோதும் ஒத்திவைத்தலாகாது. 6 அங்குலம் நிலத்துள்ளும் 12 அங்குலம் நிலத்துக்கு மேலும் இருக்கத்தக்கதாக முளையை அறையவேண்டும். பக்கம் இரண்டு அடியுள்ள ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கும், நடுவில் ஒன்றும் அமைதல் முறை.

தீவகத்தின் நிலம் சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மெல்லிய மண்ணாகும். சில வளவுகளில் அலவாங்கு கொண்டு அறைந்தாலும் முளை இறங்காது. அத்தகைய இடத்திற் பழைய தகரப் பேணிகளிலோ சிறு கடகங்களிலோ மணலை நிரப்பி, அவற்றின் நடுவே முளையை நாட்டிக்கொள்ளலாம். இதில் வேறொரு நன்மையும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எடுத்து ஒதுக்கி வைக்கலாம். மழை வந்தால் விறாந்தைக்குள்ளும் கொண்டுசெல்லலாம்.

வளையத்தின் அளவுக்கும் ஆட்டத்தின் கடினத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். முளையின் தடிப்பு ஒன்றரை அங்குலம். வளையத்தின் உள்விட்டம் 6 அங்குலம். எனவே வளையத்தின் நடு, முளையின் நடுவிலிருந்து எப்பக்கமாயினும் இரண்டேகால் அங்குலம் வரை விலகி வீழ்ந்தாலும் கோத்துக்கொள்ளும். உள்விட்டத்தை 8 அங்குலமாக்கினால் இவ்விலகல் மூன்றேகால் அங்குலமாக உயரும். வளையம் இரண்டு அங்குலம் பெருத்தால், எறிபவரின் தவறுக்கு ஓர் அங்குலம் மன்னிப்புக் கிடைக்கிறது எனலாம். ஆதலால் ஆறு வயதுக்குட்பட்டோருக்கும் கைநடுக்கம் உள்ள முதியோருக்கும் எனத் தனியே நான்கு பெரிய வளையங்களைச் செய்து வைத்தல் நலம். அவற்றுக்கு வேண்டிய கயிற்றின் நீளம் இரண்டரை அடி.

எறியும் முறையும் கவனிக்கத்தக்கது. வளையத்தை நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுக்கையாகப் பிடித்து, கையை முழங்காலருகே கீழிருந்து முன்னோக்கி வீசி, இடுப்பளவுக்கு வரும்போது விடவேண்டும். விடும் கணத்தில் மணிக்கட்டைச் சிறிது திருப்பினால் வளையம் சுழன்றுகொண்டு செல்லும். சுழலும் பம்பரம் வீழாமல் நிற்பது போலவே, சுழலும் வளையமும் தன் தளம் மாறாமற் பறக்கும். சுழலாத வளையம் காற்றிற் புரண்டு செங்குத்தாக வீழ்ந்து உருண்டோடிவிடும். தோளுக்கு மேலே கையை ஓங்கி எறிவதை முற்றாகத் தடைசெய்ய வேண்டும். அதனாற் குறியும் தவறும், எதிரே நிற்பவர்மேற் படவும் கூடும்.

நயினாதீவு போன்ற திறந்த கடற்கரை ஊரில் இவ்வாட்டத்துக்குப் பெரும் பகை காற்றே. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், இலேசான ஓலை வளையத்தைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய்விடும். இதனை வெல்லும் வழி எளியது. எறியும் கோட்டையும் முளைகளையும் காற்று வீசும் திசையிலேயே அமைத்து, காற்று முதுகிற் படுமாறு நின்று எறியவேண்டும். அப்பொழுது வளையம் சற்றுத் தூரம் கூடச் செல்லுமேயன்றிப் பக்கம் விலகாது. இரண்டு மூன்று எறிக்குள் கை அதற்குப் பழகிவிடும். கிடுகு வேலியோ மதிலோ காற்றை மறிக்கும் மூலை கிடைத்தால் இன்னும் நன்று. திசை தெரிந்து முற்றத்தை அமைப்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடமுமாகும். சோளகம் எது, வாடை எது, கச்சான் எது, கொண்டல் எது எனத் தோணியோட்டிய முன்னோர் அறிந்திருந்ததை, இன்றைய பிள்ளை ஒரு வளையத்தின் போக்கினால் அறிந்துகொள்கிறது.

ஆட்டத்தின் விதிகள் குறைவாக இருத்தல் வேண்டும். மூலை முளையிற் கோத்தால் 2 புள்ளி. நடு முளையிற் கோத்தால் 5 புள்ளி. கோக்காது முளையிற் சாய்ந்து நின்றால் 1 புள்ளி. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது நான்கு வளையங்களை எறிவர். முதலில் 30 புள்ளி பெறும் அணி வென்றதாகும். புள்ளிகளைக் கணக்கிடச் சோகிகளையோ புளியங்கொட்டைகளையோ இரண்டு சிரட்டைகளில் இட்டுவரலாம். இக்கணக்குப் பொறுப்பை எண்ணத் தெரிந்த மிக இளைய பிள்ளையிடம் ஒப்படைத்தல் சிறப்பு. அணி பிரிக்கும்போது ஒவ்வோர் அணியிலும் ஒரு முதியவரும் ஒரு சிறுபிள்ளையும் இருத்தல் கட்டாயம்.

விதிகளுள் தலையாயது தூரம் பற்றியது. ஆறு வயதுக்குட்பட்டோர் 4 அடியிலிருந்தும், பத்து வயது வரை உள்ளோர் 6 அடியிலிருந்தும், பதினைந்து வயது வரை உள்ளோர் 9 அடியிலிருந்தும், பெரியோர் 12 அடியிலிருந்தும் எறிவர். முதியோர் தமக்கு இசைந்த கோட்டைத் தாமே தெரிந்து, வேண்டின் கதிரையில் அமர்ந்தபடியே எறியலாம். கோடு ஆளுக்கு ஆள் மாறும். புள்ளியின் பெறுமதி எவருக்கும் மாறாது. சிறுபிள்ளை நான்கடியிலிருந்து பெற்ற 5 புள்ளியும் தந்தை பன்னிரண்டு அடியிலிருந்து பெற்ற 5 புள்ளியும் ஒன்றே. இவ்விதியின் நயம் ஆழமானது. பெரியோர் வேண்டுமென்றே தோற்றுப் பிள்ளையை மகிழ்விக்கும் போலி ஆட்டத்துக்கு இங்கே இடமில்லை. பெரியவர் தம் முழுத் திறமையையும் காட்டி ஆடலாம். பிள்ளை அவரை உண்மையாகவே வெல்லலாம். தனக்கு விட்டுக்கொடுக்கப்பட்டதைப் பிள்ளை உணராது என்று எண்ணுவது பெரியோரின் மயக்கம். அது உணரும், உணர்ந்த பின் அவ்வெற்றியில் அதற்குச் சுவை இராது.

காலஞ் செல்ல ஒருவரின் கை தேறும். இன்னொருவரின் கை தளரும். இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு முறையில் மூன்று வளையங்களுக்கு மேற் கோத்தவர் அடுத்த முறை ஓர் அடி பின்னே செல்லவேண்டும்; இரு முறை தொடர்ந்து ஒன்றும் கோக்காதவர் ஓர் அடி முன்னே வரலாம். இவ்வாறு செய்தால் ஒவ்வொருவருக்கும் உரிய கோடு சில நாள்களில் தானாகவே அமைந்துவிடும். எவரும் எப்பொழுதும் வெல்வதுமில்லை. எவரும் எப்பொழுதும் தோற்பதுமில்லை.

வளையத்தைப் பிடிக்க இயலாத கைகளும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கும், மூட்டு வாதத்தால் விரல் மடங்காத முதியவருக்கும் துணிப்பையும் கடகமும் ஏற்றவை. 5 அங்குலச் சதுரமான இரண்டு தடித்த துணித் துண்டுகளைச் சேர்த்து மூன்று பக்கங்களை இரட்டைத் தையலிட்டு, புறம் திருப்பி, உள்ளே புளியங்கொட்டையை முக்கால் பங்குக்கு நிரப்பி மூட்டிவிடவேண்டும். முழுவதும் நிரப்பிய பை பந்துபோல் துள்ளி வெளியே விழும். முக்கால் நிரப்பியது வீழ்ந்த இடத்திற் சரிந்து அமரும். நெல்லையோ பயற்றையோ நிரப்பினால் எலியும் வண்டும் நாடும். கடற்கரை மணலை இடுவதாயின் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவிக் காயவைத்தே இடவேண்டும். உப்புள்ள மணல் காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பையைப் பழுதாக்கும். தையல் விட்டுக் கொட்டை சிந்தினாற் குழந்தை வாயிலிடக் கூடுமாதலால், பைகளை அடிக்கடி சோதித்தல் தாயின் கடன். முளைகளுக்கு அருகே ஒரு கடகத்தைச் சற்றே சாய்த்து வைத்து, அதனுள் வீழும் பை ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி கொடுத்தால், குழந்தையும் அதே ஆட்டத்தில் அதே அணியிற் பங்குகொள்ளும்.

ஆடி முடித்ததும் வளையங்களை நிலத்தில் விட்டுச் செல்லலாகாது. ஓர் இரவு கழிவதற்குள் கறையான் ஏறிவிடும். ஒரு கயிற்றிற் கோத்துத் தாழ்வாரத்திற் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஓலையிற் பூஞ்சணம் பிடித்தால், உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலிற் காட்டினாற் போதும். ஓலை கிழிந்தால் கயிறும் ஈர்க்கும் பழுதாகா. அவ்விடத்துக்கு மாத்திரம் புதிய வார் சுற்றிக்கொள்ளலாம். முற்றாகப் பழுதான வளையம் அடுப்புக்குப் போகும். கடலோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாத்திக்குக் குப்பையோடு ஒன்றும் கூடாது.

இத்துணைச் சிறிய விளையாட்டுக்கு இத்துணை விளக்கம் வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். தீவகத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வினா எழாது. 1990 ஆம் ஆண்டையொட்டிய போர்க்காலத்தில் தீவுப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற பின்னர் சிலர் மீண்டனர். பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வேரூன்றிவிட்டனர். இன்று பல வீடுகளில் முதியோர் இருவரோ ஒருவரோ மாத்திரம் இருக்கின்றனர். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் கோயில் மகோற்சவம் தொடங்கும் காலத்திற் குறிகட்டுவானிலிருந்து வரும் படகுகளிற் பேரப்பிள்ளைகள் வந்திறங்குகின்றனர். அவர்களுட் பலருக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. சிலருக்கு விளங்குவதும் அரிது. முதல் நாள் கட்டித் தழுவுவர்; இரண்டாம் நாள் என்ன பேசுவதென்று இரு பகுதியாரும் திகைப்பர். பிள்ளை கைத்தொலைபேசியை நோக்கும். அம்மம்மா அடுக்களையை நோக்குவார்.

அவ்வேளையில் ஒரு கட்டு ஓலையும் ஒரு வாளித் தண்ணீரும் திண்ணைக்கு வந்தால் நிலைமை மாறும். வாரை எப்படிப் பிடிப்பது என்பதைக் காட்டப் பேச்சு அதிகம் வேண்டியதில்லை. கை கையைப் பார்த்துக் கற்கும். வேலை நடக்கும்போதே ஓலை, ஈர்க்கு, கடகம், முளை, சோளகம் என்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் பிள்ளையின் காதில் விழும். பொருளைக் கையிற் பிடித்தபடி கேட்ட சொல் எளிதில் மறவாது. மாலையிற் புள்ளி எண்ணத் தொடங்கினால் ஒன்று முதல் முப்பது வரை தமிழில் எண்ணியாக வேண்டும். அகரவரிசைப் புத்தகம் தராத ஆர்வத்தை, வெற்றிக்கு இன்னும் மூன்று புள்ளி வேண்டும் என்ற நிலை தந்துவிடும்.

முதியோர்க்கும் இதில் ஒரு பேறு உண்டு. பனைசார் தொழில்களைப் பேணி வளர்க்கும் பொருட்டு 1978 ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. நிறுவனங்கள் தொழிலைக் காக்கலாம். பழக்கத்தைக் காப்பது வீடு. பெட்டியும் பாயும் இழைக்கும் அறிவு, கற்பார் இன்மையால் ஒரு தலைமுறையோடு அற்றுப்போகும் நிலையிற் பல வீடுகளில் நிற்கின்றது. பெட்டி இழைக்கக் கற்றுக்கொள் என்றால் எந்தப் பிள்ளையும் உடனே அமராது. நாளை ஆடுவதற்கு வளையம் வேண்டும் என்றால், கேளாமலே வந்து அமரும். வளையம் சுற்றிப் பழகிய விரல் சிறிய பெட்டி ஒன்றை முயலும்; பெட்டி பின்னிய விரல் மற்றவற்றையும் முயலக்கூடும். முயலாது போயினும், தன் பாட்டியிடமிருந்து ஒரு பொருளைச் செய்யக் கற்றேன் என்ற நினைவு அப்பிள்ளையோடு கடல் கடந்து செல்லும்.

விடுமுறை முடிந்து படகேறும் பிள்ளை ஒரு வளையத்தைத் தன் பொதியில் வைத்துக்கொண்டு போகலாம். எஞ்சிய ஏழும் தாழ்வாரத்திற் தொங்கும். அடுத்த ஆனியில் எட்டாவதைக் கொண்டுவர மறந்து வந்தால், இன்னொன்று சுற்றுவதற்கு வளவில் ஓலை உண்டு. சுற்றும் முறையும் அப்பொழுது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.